ஸ்டைரீன் தகட்டில் ஒரு குட்டி கேம்பர்: பொம்மை பீட்டிலை மாற்றி, பின்னால் இழுக்க டிரெய்லர் கட்டுவது வரை

டியர்ட்ராப் டிரெய்லரைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். கண்ணீர்த்துளியைப் படுக்க வைத்ததுபோல முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து இறங்கும் குட்டி வண்டி. 1930களில் அமெரிக்காவில் பரவியது. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், நிற்க முடியாது. பின்னால் மூடியைத் தூக்கினால் அடுப்பங்கரை. மழை வந்தால் சமைப்பவர் அந்த மூடிக்கு அடியில் நின்றுகொள்ள வேண்டியதுதான்.

ஸ்கிராட்ச் பில்ட், அதாவது பாகங்களாகப் பெட்டியில் விற்கும் கிட்டில் வராத ஒன்றை வெறும் தகட்டிலிருந்து நாமே கட்டுவது, முதல்முறை செய்பவருக்கு இந்த வண்டியைத்தான் நான் சொல்வேன். காரணம் இருக்கிறது. நிஜ டியர்ட்ராப்களில் பல, ஃபேக்டரியில் செய்தவை அல்ல. பத்திரிகையில் வந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு, வீட்டுக் கொட்டகையில் ரம்பமும் சுத்தியலுமாக ஆட்கள் தாங்களே கட்டியவை. 8 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரம் என்று அவற்றில் பல ஒரே அளவில் இருப்பது ஏன் தெரியுமா? ப்ளைவுட் தகடு 8க்கு 4 அடியில் வருகிறது. அவ்வளவுதான். பக்கத்துக்கு ஒரு தகடு, தரைக்கு ஒரு தகடு.

ஆகவே நாமும் அவர்கள் கட்டிய அதே வரிசையில் கட்டலாம். ப்ளைவுட்டுக்குப் பதில் ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தகடு, ஆணிக்குப் பதில் பிளாஸ்டிக்கை ஒட்டும் சிமென்ட். எந்த இடத்தில் குழம்பினாலும் "நிஜத்தில் இதை எப்படிச் செய்திருப்பார்கள்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் பதில் அங்கேயே கிடைக்கும்.

முதலில் கணக்கு

நாம் கட்டப்போவது 1/24 அளவில். அப்படியென்றால் நிஜ அளவை 24ஆல் வகுக்க வேண்டும். இந்த அளவில் ஒரு வசதி: ஒரு அடி என்பது சரியாக அரை அங்குலம். அதனால் 8 அடி டிரெய்லர் 4 அங்குலம், அதாவது 101.6 மி.மீ. அகலமும் உயரமும் 50.8 மி.மீ. உள்ளங்கையில் அடங்கும்.

அமெரிக்க பிளாஸ்டிக் கிட்கள் பெரும்பாலும் 1/25. கார் டீலர்களுக்காகச் செய்த விளம்பர மாடல்களிலிருந்து வந்த பழக்கம் அது. ஏ.எம்.டி. கம்பெனி 1958இல் கொண்டுவந்த 'மூன்று விதமாகக் கட்டலாம்' கிட்கள்தான் கஸ்டம் பாகங்களைப் பெட்டிக்குள்ளேயே போட்டுக் கொடுத்தன. ஜப்பானிய, ஐரோப்பிய கிட்கள் 1/24 பக்கம். இரண்டுக்கும் வித்தியாசம் நான்கு சதவீதம். சக்கரம், சமையல் சாமான் போன்றவற்றை மாற்றிப் போட்டாலும் கண்ணுக்குத் தெரியாது.

பெட்டியில் அச்சடித்த அளவை மட்டும் நம்பாதீர்கள். பெட்டிக்குள் அடங்குவதற்காக வண்டியைச் சுருக்கிவிடும் பழக்கம் பொம்மைக் கம்பெனிகளுக்கு உண்டு. ஹாட் வீல்ஸ் எல்லாமே 1/64 என்று சொல்லப்படுகிறது. லாரியும் காரும் அதில் ஒரே நீளத்தில் இருப்பதைப் பார்த்தாலே விஷயம் புரியும். சரிபார்க்க ஒரே வழி, முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை அளப்பது. இழுக்கும் வண்டியாக நான் எடுத்தது ஃபோக்ஸ்வாகன் பீட்டில். அதன் வீல்பேஸ் 2400 மி.மீ. 24ஆல் வகுத்தால் சரியாக 100. வெர்னியர் காலிப்பரை வைத்தேன், 99.6 வந்தது. போதும்.

இன்னும் சில அளவுகளை ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். 12 அங்குல ரிம் போட்ட டிரெய்லர் டயரின் விட்டம் சுமார் 520 மி.மீ., நமக்கு 22. கொக்கி மாட்டும் 2 அங்குல உருண்டை, நமக்கு 2 மி.மீ. அது தரையிலிருந்து சுமார் 18 அங்குல உயரத்தில் இருக்கும், நமக்கு 19. என் முதல் டிரெய்லரில் இந்தக் கடைசி எண்ணைத்தான் பார்க்காமல் விட்டேன். காரில் மாட்டியதும் வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தது. அடிச்சட்டத்தை முழுக்கப் பிரித்துத் திரும்பக் கட்டினேன்.

மேசையில் என்ன வேண்டும்

ஸ்டைரீன் தகடு 0.25, 0.5, 1 மி.மீ. என்று மூன்று தடிமனில். 1.5 மற்றும் 2 மி.மீ. சதுரப் பட்டைகள் கொஞ்சம். ஆர்க்கிடெக்சர் மாணவர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் சன்போர்டை எடுத்து நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது நுரை. விளிம்பைத் தேய்த்தால் பொத்தல் பொத்தலாகத் தெரியும். ஏ.பி.எஸ். என்ற இன்னொரு வகை பிளாஸ்டிக் தகடு கிடைத்தால் பரவாயில்லை, கொஞ்சம் கடினம், ஆனால் வேலை நடக்கும். வீட்டுக் குப்பையிலும் ஸ்டைரீன் இருக்கிறது: டப்பாவுக்கு அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று போட்டிருந்தால் அது ஸ்டைரீன்தான்.

ஒட்டுவதற்குத் தண்ணீர்போல ஓடும் பிளாஸ்டிக் சிமென்ட், டமியாவின் பச்சை மூடி பாட்டில் மாதிரி. இது பசை இல்லை, கரைப்பான். இரண்டு விளிம்பையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தொட்டால் இடைவெளியில் தானே ஓடி நிரம்பி, பிளாஸ்டிக்கை உருக்கி ஒன்றாக்கிவிடும். அக்ரிலிக் பெயர்ப்பலகை செய்பவர்கள் குளோரோஃபார்ம் வைத்து ஒட்டுவார்கள். அதுவும் ஸ்டைரீனை ஒட்டும். ஆனால் மூடிய அறையில் மேசைக்கு மேல் குனிந்து அதை முகர்ந்துகொண்டு வேலை செய்வது பைத்தியக்காரத்தனம். எந்தக் கரைப்பானாக இருந்தாலும் ஜன்னலைத் திறந்து வையுங்கள். சாதாரண தூசி முகமூடி ஆவியைத் தடுக்காது, கரி வடிகட்டி வைத்த முகமூடிதான் தடுக்கும்.

மற்றபடி பிளேடு கத்தி, ஸ்டீல் ஸ்கேல், சின்ன மூலைமட்டம், கட்டிங் மேட். ஊசி அரம், சாமணம், அரை மி.மீ. முதல் 2 மி.மீ. வரை டிரில் பிட், அதைக் கையால் சுற்றும் பின் வைஸ் ஆகியவற்றுக்கு ஹாபி கடையைத் தேட வேண்டாம். நகைப்பட்டறைச் சாமான் விற்கும் கடையில் இதெல்லாம் நல்ல தரத்திலேயே கிடைக்கும். உப்புத்தாள் 400, 600, 1000 நம்பர்களில், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வகை.

காரை மாற்றுவது

1/24 டைகாஸ்ட் (உலோகத்தை வார்த்துச் செய்த) காரின் அடியில் நான்கு ஸ்க்ரூ இருக்கும், கழற்றினால் பிரிந்துவிடும். ஹாட் வீல்ஸ் என்றால் ஸ்க்ரூ இல்லை, ரிவெட். அதன் தலைக்கு நடுவில் புள்ளி குத்தி, 3 மி.மீ. பிட்டால் தலையை மட்டும் சீவி எடுக்க வேண்டும்.

பிரித்ததும் கண்ணாடி, விளக்கு, சீட் எல்லாவற்றையும் தனியே எடுத்து ஒரு டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். உலோக உடலை மட்டும் பெயிண்ட் ரிமூவரில் போட்டால் பெயிண்ட் சுருண்டு எழும். பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவிட வேண்டும். கையுறை கட்டாயம். உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த பின் கண்ணாடியைக் கவனிக்காமல் ஒரு தடவை அப்படியே முக்கிவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது அது ஜவ்வரிசி வடாம் மாதிரி இருந்தது.

மாற்றம் என்று எதை வேண்டுமானாலும் செய்யலாம். கூரையை வெட்டித் தாழ்த்துபவர்கள், எஞ்சினை மாற்றுபவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். முதல் வண்டியில் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: நிற்கும் நிலை, நிறம், ஒரு கேரியர்.

பொம்மைக் கார்கள் பெரும்பாலும் சக்கரத்துக்கும் உடலுக்கும் நடுவில் விரல் போகும் அளவுக்கு உயரமாக நிற்கும். மாடல் பொம்மை போலத் தெரிவதற்கு முதல் காரணமே அதுதான், பெயிண்ட் இல்லை. அச்சு உட்காரும் பள்ளத்தை ஊசி அரத்தால் 1.5 மி.மீ. ஆழப்படுத்தினால் போதும், நிஜத்தில் அது 36 மி.மீ. தாழ்வுக்குச் சமம். வண்டியின் முகமே மாறிவிடும்.

கூரைக் கேரியருக்கு 0.8 மி.மீ. பித்தளைக் கம்பியில் சட்டம் வளைத்து, குறுக்குச் சட்டங்களுக்கு ஊதுபத்திக் குச்சியைப் பயன்படுத்தினேன். மருந்துப் பகுதியைச் சுரண்டிவிட்டால் உள்ளே மூங்கில், ஒன்றேகால் மி.மீ. தடிமன். நிஜ பீட்டிலில் வரும் மரச்சட்டத்துக்கு அளவு பொருந்திப்போகிறது. இரண்டு நாள் அறை முழுக்கச் சாம்பிராணி வாசனை.

பின் பம்பருக்கு அடியில் கொக்கிப் பட்டை வைக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: பீட்டிலுக்கு எஞ்சின் பின்னால். அந்த மூடி திறக்க இடம் விட வேண்டும். உருண்டைக்கு ஆரி வேலைக்கு விற்கும் 2 மி.மீ. பாசிமணி. அதன் துளையிலேயே கம்பியை விட்டு ஒட்டிவிடலாம்.

வரைபடம்

நேர்ப் பக்கவாட்டில் எடுத்த ஒரு டியர்ட்ராப் படம் தேடுங்கள். தூரத்திலிருந்து எடுத்ததாக இருந்தால் நல்லது, அருகிலிருந்து எடுத்த படத்தில் முன்பக்கம் ஊதித் தெரியும். அச்செடுத்து நீளத்தை அளக்க வேண்டும். எனக்கு 164 மி.மீ. வந்தது. வேண்டியது 101.6. அதை 164ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் 62. ஆக 62 சதவீதத்தில் திரும்ப ஒரு அச்சு. ஜெராக்ஸ் கடையிலேயே முடிந்துவிடும். நான்கு பிரதி எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், வெட்டி வீணாக்குவோம்.

அந்தத் தாளிலேயே கதவு, ஜன்னல், அச்சின் இடம், உள்ளே வரும் தடுப்பு எல்லாவற்றையும் வரைந்துவிட வேண்டும். படுக்கைக்குச் சுமார் 80 மி.மீ., அதாவது 6 அடி 4 அங்குலம். மீதி 20 மி.மீ. அடுப்பங்கரை. கதவு ஏறத்தாழ 27க்கு 38 மி.மீ.

பக்கச் சுவர்கள்

1 மி.மீ. தகட்டில் இரண்டு துண்டுகளை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டிச் சேர்த்து, அதன்மேல் வரைபடத்தை ஒட்டி, இரண்டையும் ஒன்றாகவே வடிவெடுக்க வேண்டும். தனித்தனியாகச் செய்தால் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அரை மி.மீ. வித்தியாசம் வரும், கூரை முறுக்கிக்கொள்ளும். கொட்டகையில் ப்ளைவுட் வெட்டியவர்களும் இரண்டு தகடுகளை ஒன்றாக இறுக்கித்தான் வெட்டினார்கள்.

ஸ்டைரீனை முழுக்க வெட்டத் தேவையில்லை. ஸ்கேல் வைத்து இரண்டு மூன்று முறை கீறிவிட்டு மடக்கினால் பிஸ்கட் மாதிரி உடையும். வளைவான இடத்தில் கோட்டுக்கு வெளியே சின்னச் சின்ன நேர்க்கோடுகளாகக் கீறி உடைத்து, மிச்சத்தை அரத்தால் ராவி, 400 நம்பர் தாளில் முடிக்க வேண்டும். விரல் நுனியை வளைவில் ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு விரலுக்குத் தெரியும்.

பிறகு பிரித்து, கதவை வெட்டுவது. நான்கு மூலையிலும் 1 மி.மீ. துளை போட்டு, துளைக்குத் துளை கீற வேண்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் மாறி மாறிக் கீறினால் கோடு சுத்தமாக வரும். வெட்டியெடுத்த துண்டே கதவு, எறிந்துவிடாதீர்கள். ஜன்னல் ஓட்டையையும் இப்போதே வெட்டிவிட வேண்டும். பெட்டியாக ஒட்டியபிறகு வெட்டினால் சுவர் விண்ணென்று அதிர்ந்து கீறல் விழும்.

பெட்டி

புதியவர்கள் எல்லோரும் சறுக்குவது இங்கேதான். வெளி அகலம் 50.8. ஆனால் தரையை 50.8க்கு வெட்டினால் சுவர்கள் வெளியில் ஒட்டியபின் 52.8 ஆகிவிடும். சுவர் பக்கத்துக்கு 1 மி.மீ. ஆகவே தரை 48.8, நடுத் தடுப்பும் 48.8. எந்தத் துண்டை வெட்டுவதற்கு முன்பும் எது எதன்மேல் உட்காருகிறது என்று பார்த்து, தடிமனைக் கழித்துக்கொள்ளுங்கள்.

தரையில் ஒரு சுவரை மூலைமட்டத்தோடு சேர்த்து நிறுத்தி, சிமென்டைத் தொட்டுவிட்டு, பத்து நிமிடம் கையை எடுக்க வேண்டாம். அடுத்து தடுப்பு, அதற்கப்புறம்தான் இரண்டாவது சுவர். மேல் விளிம்பை ஒட்டி 10 மி.மீ.க்கு ஒன்றாக 1.5 மி.மீ. பட்டைகளைக் குறுக்கே ஒட்டினால் பெட்டி இறுகும். நிஜத்திலும் இந்தக் குறுக்குச் சட்டங்கள்தான் கூரையைத் தாங்கும். இரவு முழுக்கக் காயவிடுங்கள். அவசரப்பட்டுத் தேய்த்தால் உருகிய விளிம்பு சப்பாத்தி மாவு போல இழுபடும்.

படுக்கை, திரை, உள் பெயிண்ட் எல்லாவற்றையும் கூரை மூடுவதற்கு முன் முடித்துவிட வேண்டும். மெத்தை 4 மி.மீ. தடிமன் பேக்கிங் நுரை. விரிப்புக்குக் கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். விரித்துப் பார்த்தால் ஒவ்வொரு கட்டமும் சுவர்க் கடிகாரம் அளவுக்குத் தெரிந்தது. கட்டத்தைச் சின்னதாக டிஷ்யூ தாளில் அச்சடித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்துப் போர்த்தியதும் மடிப்பு இயல்பாக விழுந்தது. திரைகளும் அப்படியே.

கூரையும் பின் மூடியும்

கூரையின் நீளத்தைக் கணக்குப் போட வேண்டாம். ஒரு நூலை முன் அடியிலிருந்து வளைவு முழுக்க ஓட்டி, பின் அடிவரை கொண்டுபோய் அளந்தால் போதும். எனக்கு 162 மி.மீ. வந்தது. அதில் பின் மூடிக்கான பகுதியைக் கழித்துவிட்டு, 0.25 மி.மீ. தகட்டில் 51 மி.மீ. அகலத்துக்குப் பட்டை வெட்ட வேண்டும்.

முன் வளைவு இறுக்கமானது. தகட்டை அப்படியே மடக்கி ஒட்டினால் இரண்டு நாளில் விரிந்து எழும். அதற்கு வெந்நீர் வைத்தியம்: பட்டையை ஒரு மருந்து பாட்டிலில் சுற்றி டேப் போட்டு, கொதிக்கும் தண்ணீரை மேலே ஊற்றி, உடனே குளிர்ந்த தண்ணீரில் வைத்தால் வளைவு நின்றுவிடும். பாட்டில், வேண்டிய வளைவைவிடக் கொஞ்சம் ஒல்லியாக இருக்கட்டும், எப்படியும் சற்று விரியும்.

ஒட்டும்போது முன் அடியில் ஆரம்பித்து, 2 செ.மீ. ஒட்டி, பிடித்து, காய்ந்ததும் அடுத்த 2 செ.மீ. ஒரு மாலை நேரம் முழுக்க இதற்கே போகும். சிமென்டைக் குறைவாகத் தொடுங்கள். அதிகமாகிவிட்டால் மெல்லிய தகடு உருகி, குறுக்குச் சட்டம் இருக்கும் இடமெல்லாம் விலா எலும்பு மாதிரி மேலே தெரியும். முதல் அடுக்கு நன்றாகக் காய்ந்தபின் அதன்மேல் இன்னொரு 0.25 அடுக்கு. இரண்டும் சேர்ந்தால் அரை மி.மீ., நல்ல உறுதி.

பின் மூடியை வண்டியின் வளைவையே அச்சாக வைத்துச் செய்யலாம். பின் வளைவில் செல்லோ டேப்பை வழவழவென்று ஒட்டி, அதன்மேல் 0.25 தகடு மூன்றைச் சிமென்ட் தடவி ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தி, ரப்பர் பேண்ட் போட்டு ஒரு நாள் விட்டுவிடுங்கள். டேப்பில் சிமென்ட் பிடிக்காது. கழற்றினால் வளைவான ஓடு கையில் வரும். உள்பக்கம் இரண்டு விலாப் பட்டை கொடுத்தால் வடிவம் மாறாது.

கீலுக்கு நான் கண்ட சுலபமான குழாய் ஊசி மருந்து போடும் ஊசி. 18 கேஜ் ஊசியின் வெளி விட்டம் சுமார் 1.3 மி.மீ., உள்ளே 0.8 கம்பி நுழையும். மெடிக்கலில் புதிதாக வாங்கி, முதலில் முனையை அரத்தால் மழுக்கிவிட வேண்டும். அப்புறம் அரத்தின் விளிம்பால் சுற்றிவரக் கீறி உடைத்தால் 5 மி.மீ. துண்டுகள் கிடைக்கும். ஒன்று விட்டு ஒன்றாக மூடியிலும் கூரையிலும் ஒட்டி, நடுவே கம்பியை விட்டால் மூடி திறந்து மூடும். உலோகத்துக்குச் சிமென்ட் பிடிக்காது, இங்கே ஃபெவிக்விக் தான். குண்டூசி முனையில் எடுத்து வையுங்கள். ஒரு சொட்டு குழாய்க்குள் ஓடினால் பின் மூடி நிரந்தரமாக இறுகிவிடும்.

அடிச்சட்டமும் சக்கரமும்

2 மி.மீ. சதுரப் பட்டையில் செவ்வகச் சட்டம், முன்னால் இரண்டு பட்டைகள் கூம்பி ஒரு புள்ளியில் சேரும் இழுவைக் கம்பு. பெட்டிக்கு முன்னால் அது 38 மி.மீ. நீள வேண்டும். குறைத்துவிட்டால் காரைத் திருப்பி வைக்கும்போது டிரெய்லரின் மூலை பம்பரில் முட்டும்.

அச்சுக்கு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி. அதன் தடிமன் 2 மி.மீ., நிஜ அச்சுக் குழாய் 2 அங்குலம், கணக்கு தானாகவே பொருந்திவிட்டது. இடம்தான் முக்கியம். பெட்டியின் நீளத்தில் 60 சதவீதம் அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும், நமக்கு முன்பக்கத்திலிருந்து 61 மி.மீ. நிஜ வண்டியில் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கியில் அழுந்த வேண்டும், இல்லையென்றால் ஓடும்போது வால் ஆட்டும். நம் வண்டி ஓடப்போவதில்லை, இருந்தாலும் எடை எடைதான். என் அடுப்பங்கரையில் எம்-சீலில் பாத்திரங்களும் ஐஸ் பெட்டியும் செய்து அடுக்கினேன். காரிலிருந்து கழற்றிய உடனே டிரெய்லர் பின்பக்கமாகக் குந்திக்கொண்டது. படுக்கைக்கு அடியில் முன்மூலையில் இரண்டு நட்டு ஒட்டியதும் சரியாயிற்று. இதைக் கூரை போடுவதற்கு முன்பே யோசித்திருக்கலாம்.

சக்கர மையம் தரையிலிருந்து 11 மி.மீ., சட்டத்தின் அடி 17 மி.மீ. இடையில் வருவது வில்பட்டை. 0.25 தகட்டில் 2 மி.மீ. அகலப் பட்டைகள் நான்கு, ஒன்றைவிட ஒன்று நீளம் குறைவாக வெட்டி அடுக்கினால் லாரிப் பட்டை போலவே இருக்கும். மட்கார்டுக்கு 32 மி.மீ. எலக்ட்ரிக்கல் பிவிசி பைப்பில் 8 மி.மீ. அகல வளையம் அறுத்து, பாதியாக வெட்டினால் இரண்டு பக்கத்துக்கும் ஆயிற்று. பிவிசிக்கும் ஃபெவிக்விக் தான். 22 மி.மீ. சக்கரத்துக்கு உடைந்த பொம்மைகள் இருக்கும் டப்பாவைத் துழாவுங்கள், எப்படியும் ஒரு ஜோடி கிடைக்கும்.

பட்டி, பிரைமர், தகரம்

டிங்கரிங் கடையில் பார்ப்பதுபோல இங்கும் பட்டி பார்க்க வேண்டும். கார் பட்டி போதும், ஆனால் மெல்லிசாக வையுங்கள். அதில் இருக்கும் தின்னர் 0.25 தகட்டைக் கடித்துவிடும். காய்ந்ததும் 400, பிறகு 600, தண்ணீர் தொட்டு. சாம்பல் பிரைமர் ஒரு கை அடித்ததும் சுத்தம் என்று நினைத்த இடத்திலெல்லாம் கோடும் குழியும் தெரியும். திரும்பப் பட்டி, திரும்பத் தேய்ப்பு. மூன்று சுற்று சாதாரணம்.

ஸ்பிரே டப்பாவை 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, வண்டிக்கு வெளியே ஆரம்பித்து வெளியே முடியுங்கள். ஒரே கனமான கோட்டிங்கைவிட மெல்லிய நான்கு மேல். லாக்கர் காய்ந்தபின் அதன்மேல் எனாமல் அடிக்கலாம். எனாமல் மேல் லாக்கர் அடித்தால் சுருங்கும். மழைநாளில் லாக்கர் தொடவே தொடாதீர்கள், ஈரம் பிடித்துப் பால் பூத்ததுபோல வெளுத்துவிடும்.

நான் டிரெய்லருக்குப் பெயிண்ட் அடிக்கவில்லை. பல டியர்ட்ராப்களுக்கு வெளியே அலுமினியத் தகடு போர்த்தியிருக்கும். அந்தத் தகடு சுமார் 0.8 மி.மீ. 24ஆல் வகுத்தால் 0.033. சமையலறை ஃபாயிலில் இரண்டு மூன்று அடுக்கு! அளவு பிசகாத பொருள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. ஆனால் ஒரு அடுக்கே போதும், பளபளப்புதான் நமக்குத் தேவை. பானலுக்கு ஒரு துண்டாக வெட்டி, மெத்தென்ற விரிப்பின் மேல் மறுபக்கமாகப் போட்டு, பழைய அலாரம் கடிகாரத்தின் பல்சக்கரத்தைக் குச்சியில் மாட்டி ஸ்கேல் ஓரமாக உருட்டுங்கள். திருப்பினால் வரிசையாக ரிவெட். பிறகு தங்க ரேக்கு ஒட்டும் பசையை மெல்லிசாகத் தடவி, பசை ஒட்டும் பதம் வந்ததும் ஃபாயிலை வைத்து, பஞ்சுக் குச்சியால் நடுவிலிருந்து வெளியே நீவ வேண்டும். அழுத்தித் தேய்த்தால் ரிவெட் படுத்துவிடும். சுருக்கம் விழுந்த துண்டைக் காப்பாற்ற முயலாதீர்கள், உரித்துவிட்டுப் புதிதாகப் போடுவது சுலபம்.

ஃபாயிலுக்கு அடியில் பட்டி வேலை சுத்தமாக இருக்க வேண்டும். பெயிண்ட் மறைக்கிற தூசியைக்கூட ஃபாயில் காட்டிக்கொடுக்கும்.

கண்ணாடியும் அடுப்பங்கரையும்

ஜன்னலுக்குச் சட்டைப் பெட்டியில் வரும் தெளிவான பிளாஸ்டிக். அதை ஃபெவிக்விக்கால் ஒட்டவே கூடாது. அதன் ஆவி பட்டு கண்ணாடி வெள்ளைப் புகை படிந்ததுபோல ஆகிவிடும். ஒரு கண்காட்சிக்கு முந்தைய இரவு எனக்கு அது நடந்தது. எல்லாத் திரைகளையும் மூடி வைத்து, "உள்ளே தூங்குகிறார்கள்" என்று சொல்லிச் சமாளித்தேன். ஃபெவிகாலை ஓரத்தில் தடவினால் தெளிவாகக் காயும்.

அடுப்பங்கரையில்தான் பார்ப்பவர்கள் நிற்பார்கள், அங்கே நேரம் செலவழியுங்கள். 48 மி.மீ. அகல மேடை, அடியில் இரண்டு இழுப்பறை, மேலே ஒரு தட்டு. இழுப்பறையைத் திறக்கும்படி செய்ய வேண்டியதில்லை, ஒன்று மட்டும் 3 மி.மீ. வெளியே வந்தபடி ஒட்டினால் போதும். இரட்டை அடுப்பு 19க்கு 11 மி.மீ. பெட்டி. பர்னருக்குச் சட்டை பிரஸ் பட்டனின் உள்பாகம், மேல் கம்பிவலைக்குப் பழைய டீ வடிகட்டியில் ஒரு சதுரம். கைப்பிடிகளுக்கு ஸ்டேப்ளர் பின். மரம் தெரிய வேண்டிய இடத்தில் உண்மையான தேக்கு வெனீர் ஒட்டினேன், ரேகை தென்னை மட்டை அளவுக்குத் தெரிந்தது. ஐஸ்கிரீம் குச்சியை மெல்லிசாகத் தேய்த்து, டீ டிகாஷனில் ஊறவைத்தால் ரேகை மெல்லியதாக, நிறமும் பழைய மரம் மாதிரி வருகிறது.

அமெரிக்க நம்பர் பிளேட் 12க்கு 6 அங்குலம், நமக்கு 12.7க்கு 6.35 மி.மீ. தாளில் அச்சடித்து ஒட்டலாம். பின் விளக்குக்குச் சிவப்புக் குந்தன் கல்.

மாட்டிப் பார்ப்பது

கண்ணாடித் துண்டின் மேல் இரண்டையும் வைத்து மாட்டுங்கள், மேசை சமமாக இருக்காது. டிரெய்லரின் அடிக்கோடு தரைக்கு இணையாக இருக்கிறதா என்று கண்ணைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பாருங்கள். மூக்கு ஒரு மி.மீ. தூக்கியிருந்தால் உருண்டையைத் தாங்கும் கம்பியைக் கீழே வளைத்தால் போதும். காரைத் தாழ்த்தியிருந்தால் கொக்கியும் அதோடு தாழ்ந்திருக்கும், மறந்துவிடாதீர்கள்.

ஃபாயில் போட்ட வண்டியை வெறுங்கையால் தூக்க வேண்டாம். வியர்வை உப்பில் விரல் ரேகை மங்கலாகப் பதிந்துவிடும், அப்புறம் துடைத்தாலும் போகாது. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் தொடுவது அந்தப் பின் மூடியைத்தான். அதனால் வலது ஓரத்தில் மட்டும் ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கிறது, யாருடையது என்று தெரியவில்லை. மாற்றுவதற்கு ஒரு துண்டு ஃபாயில் வெட்டி வைத்திருக்கிறேன்.